இரண்டு தடங்களுக்குள் அடங்கிய பின்னொலி: வடசிலாங்கூர் தோட்டத்து வீடுகளை முன்வைத்து

தமிழ்த் திரைப்பட ஒலியின் வரலாற்றைக் கொட்டகைகளை வைத்தே எழுதிவருகிறோம். 1986இல் ‘மாவீரன்’ 70 மி.மீ. படமாக ஆறு தட ஒலியோடு வந்தது. 1995இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோ எஸ்ஆர் முறையில் வந்தது. மறு ஆண்டு ‘கருப்பு ரோஜா’ டிடிஎஸ் ஒலியைக் கொண்டுவந்தது. சென்னை ரசிகருக்கு இந்த வரிசை பொருந்தும். சுங்கை பெசார், சபாக் பெர்ணம், தஞ்சோங் காராங் வட்டாரத்துத் தோட்ட மக்களுக்குப் பொருந்தாது. திடலில் வெள்ளைத் துணி கட்டி ஓட்டிய 16 மி.மீ. படத்தின் ஒற்றைத் தடமும், பிறகு வீடியோ கேசட்டும், அதன்பின் விசிடியுமே அவர்கள் கேட்ட ஒலி. அவர்களுடைய வரலாற்றை வீட்டுக் கருவியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கும்போது ஒன்று புலப்படுகிறது: பின்பக்க ஒலி பலமுறை அந்த வீட்டு வாசல்வரை வந்திருக்கிறது. அதைப் பிரித்தெடுக்கத்தான் வழியில்லை.

இதற்கு ஒலி பதிவான விதத்தைப் பார்க்க வேண்டும். நான்கு ஒலிகளை இரண்டு தடங்களுக்குள் அடக்கி மறுபடி விரிக்கும் உத்தியை 1960களின் இறுதியில் வகுத்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான பீட்டர் ஷைபர். அவ்வழியில் வந்த குவாட்ராபோனிக் இசைத்தட்டுகள் சந்தையில் நிலைக்கவில்லை. ஆனால் 1970களின் நடுவில் டால்பி நிறுவனம் அதே உத்தியைப் படச்சுருளின் ஓரத்திலிருந்த இரண்டு ஒளித்தடங்களுக்குக் கொண்டுவந்தது. 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ அதை உலகெங்கும் பரப்பியது.

உரையாடல் போன்ற நடு ஒலி இரு தடங்களிலும் ஒரே மாதிரி பதியும். பின்னொலியும் இரண்டிலும் பதியும். ஆனால் ஒன்றுக்கொன்று நேரெதிரான அலைக்கட்டத்தில். ஒரு தடத்தில் அலை ஏறும்போது மற்றதில் இறங்கும். ஒரு தடத்திலிருந்து மற்றதைக் கழித்தால் நடு ஒலி மறைந்து பின்னொலி எஞ்சும். அதில் 7,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை வெட்டி, சுமார் 20 மில்லி விநாடி தாமதப்படுத்தி, பின் ஸ்பீக்கருக்கு அனுப்புவார்கள். முதலில் காதை எட்டும் ஒலியின் திசையையே மனம் நம்பும் என்பதால், பின்னால் கசியும் வசனம்கூடத் திரையிலிருந்து வருவதாகவே தோன்றும். 1982இல் வீட்டுக்கு வந்த டால்பி சரவுண்ட் இந்த எளிய கழித்தலையே செய்தது. 1987இல் வந்த புரோ லாஜிக், எந்தத் திசை ஓங்கியிருக்கிறது என்பதை நொடிக்கு நொடி கணித்துக் கசிவைக் குறைத்தது.

இனித் தோட்டத்து வீட்டுக்கு வருவோம். ஒரே ஸ்பீக்கர் கொண்ட தொலைக்காட்சி, ஒற்றைத் தடமாக ஓடிய கேசட் என எதுவானாலும் இரு தடங்களும் கூட்டப்படும். கூட்டினால் எதிரெதிர் அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். டால்பி ஸ்டீரியோ படத்தின் மழை இரைச்சல், கூட்டத்தின் முழக்கம், பின்னாலிருந்து பாயும் தோட்டா என, முழுக்கப் பின்தடத்தில் வைத்தவை அங்கே மெலிந்து போகவில்லை, இல்லாமலே போயின. இந்த இழப்பைத் திரை வரலாறு பேசாதது பெருங்குறை.

1993இல் தரப்படுத்தப்பட்ட விசிடி நிலைமையை மாற்றியிருக்கக்கூடும். மலேசிய வீடுகளில் அது பரவிய அளவுக்கு வேறு எந்த வட்டும் பரவியதில்லை என்றே சொல்வேன். அதில் 5.1 ஒலி கிடையாது, இரண்டு தடங்களே. ஆனால் மூல ஈரொலியிலிருந்து நேராகப் பதிந்த வட்டில் அலைக்கட்ட வேறுபாடு பெரும்பாலும் அழியாமல் இருக்கும். சிவப்பு, வெள்ளை வயர் இரண்டையும் புரோ லாஜிக் உள்ள ரிசீவரில் செருகினால் பின்னொலி பிரிந்து வரும். அந்த ரிசீவர்தான் பெரும்பாலான வீடுகளில் இல்லை. ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்து, லயத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த காலம் அது.

டிவிடி 5.1 ஒலியைத் தனித்தனித் தடங்களாகத் தந்தபோது பழைய உத்தி முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள். முடியவில்லை. 1999இல் ‘ஸ்டார் வார்ஸ்: எபிசோட் 1’ படத்துக்காக கேரி ரைட்ஸ்ட்ராமும் டால்பி நிறுவனமும் உருவாக்கிய சரவுண்ட் இஎக்ஸ், முதுகுக்குப் பின்னுள்ள நடு ஒலியை இடது, வலது பின்தடங்களுக்குள் அதே முறையில் அடக்கியது. வட்டில் அதற்கான அடையாளக் குறி இருந்தால் ரிசீவர் தானே விரிக்கும். குறி பதியாத வட்டுகளும் உண்டு; அவற்றுக்குக் கையால்தான் இஎக்ஸ் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிடிஎஸ்-இஎஸ் டிஸ்கிரீட் மட்டும் அந்த ஒலிக்குத் தனித்தடமே கொடுத்தது. வரிசை வீட்டில் சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டிருப்பவருக்கு இந்தக் கூடுதல் ஸ்பீக்கரால் பயன் குறைவு. பக்கவாட்டு ஸ்பீக்கர் இரண்டைச் சரியாக வைப்பதே மேல்.

தோட்டத்துக் குடும்பங்களின் அலமாரிகளில் பழைய தமிழ் விசிடிகளும் கேசட்டுகளும் இன்னும் கிடக்கின்றன. அவற்றைக் கணினிக்கு மாற்றுவோருக்கு ஒரு வேண்டுகோள்: கோப்பின் அளவைக் குறைப்பதற்காக ஒலியை ஒற்றைத் தடமாக மாற்றாதீர்கள். இரண்டு தடங்களையும் பதிந்தபடியே காப்பாற்றுங்கள். ஒருமுறை கூட்டிவிட்டால் அந்தப் பின்னொலியை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.