வரிச்சீர்ச் சட்டை

'டச்சஸ்' என்றால் சீமாட்டி. 'கொரோனேஷன்' என்றால் முடிசூட்டு விழா. இங்கிலாந்தில் லண்டன் மிட்லண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வே 1937 முதல் ஓடவிட்ட ஒரே எஞ்சின் வகைக்குப் பேச்சு வழக்கில் இந்த இரண்டு பெயர்களும் உண்டு. இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரு தகட்டுச் சட்டை. கொதிகலனும் குழாய்களும் வெளியே தெரிய நின்றால் டச்சஸ். மூக்கிலிருந்து முதுகு வரை வழவழவென்று மூடிவிட்டால் கொரோனேஷன்.

மாதிரி ரயில் செய்வோருக்கு இதில் ஒரு சபலம் இருக்கிறது. கடையில் கிடைக்கும் சட்டையில்லாத டச்சஸ் மாதிரியை வாங்கி, வீட்டு மேசையிலேயே அதற்குச் சட்டை தைத்துவிடலாம். அளவு, ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர். தோணிக்கு வங்கு வைப்பதுபோல் முதலில் குறுக்குச் சட்டங்களை ஒட்டி, அவற்றின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை வளைத்துப் போர்த்த வேண்டும். இரண்டு திசையிலும் வளையும் மூக்குக்குத் தகடு படியாது. அங்கே லாரிப் பட்டறையில் செய்வதுபோலப் பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்துத்தான் வடிவம் கொண்டுவர முடியும். தேய்க்கத் தேய்க்க ஒரு பக்கம் சற்றுப் புடைத்தே இருக்கும். எல்லாம் முடிந்து தண்டவாளத்தில் வைத்தால், வளைவில் முன் சக்கரங்கள் சட்டையின் உட்புறத்தில் இடிக்கும். நிஜ ரயில் பாதையில் இல்லாத அவ்வளவு குறுகிய வளைவு சாப்பாட்டு மேசையில் உண்டு. ஆகவே உள்ளே கொஞ்சம் சுரண்ட வேண்டும். அது வெளியே தெரியவும் கூடாது.

இப்படிப் போர்த்தும் வேலைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் 'ஸ்ட்ரீம்லைன்'. ஸ்ட்ரீம் என்றால் நீரோட்டம், லைன் என்றால் கோடு. இந்தச் சொல் பிறந்தபோது எந்தப் பொருளின் வடிவத்தையும் குறிக்கவில்லை. ஓடும் நீரில் ஒரு துளி போகும் தடத்தையே குறித்தது. அதைக் கணக்கில் கட்டி நிறுத்தியவர்களில் ஒருவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ராங்கின். கப்பலின் பக்கவாட்டில் நீர் எப்படி வழுவிப் போகிறது என்பதே அவர் கேள்வி. ஸ்ட்ரீம்லைன்களின் கணிதத்தைப் பற்றி 1871-இல் தனிக் கட்டுரையே எழுதினார். இதே மனிதர்தான் 1859-இல் நீராவி எஞ்சினைப் பற்றிய பெரிய பாடநூலையும் எழுதியவர். ஒரே மேசையில் இருந்த எஞ்சினும் கோடும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ள அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. தொட்டுக்கொண்டபோது, கொரோனேஷன் இழுத்த ரயில் லண்டனிலிருந்து போய்ச் சேர்ந்த ஊரும் கிளாஸ்கோதான்!

நீரின் தடத்துக்கு வைத்த பெயர், அத்தடத்தைக் குலைக்காமல் விடும் உடலுக்கு நழுவியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். முதலில் வானக்கப்பல், பிறகு கார், பிறகு ரயில். அதற்கு முன்பே காற்றை எதிர்க்கும் ரயில்கள் இருந்தன, வேறு பெயர்களில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கூர்மூக்கு வைத்த எஞ்சின்களைப் பிரெஞ்சுக்காரர்கள் 'கூப்-வாங்' என்றார்கள்: காற்றுவெட்டி. 1900-இல் அமெரிக்காவில் ஓடிப் பார்த்த ஒரு சோதனை ரயிலின் பெயர் 'விண்ட்ஸ்பிளிட்டர்': காற்றுப்பிளப்பான். இரண்டிலும் கத்தி தெரிகிறது. காற்றைக் கூரால் கிழிக்க வேண்டும் என்ற பழைய நினைப்பு அது. காற்று பின்னால் போய் அமைதியாகக் கூட வேண்டும், வால்தான் முக்கியம் என்பது பிறகு புரிந்ததும் கத்திப் பெயர்கள் வழக்கொழிந்தன. பிரெஞ்சு மொழி 'கரெனே' என்ற சொல்லுக்கு மாறியது. அதன் வேர் கப்பலின் அடிப்பாகத்தைக் குறிக்கும் லத்தீன் 'கரீனா'; நம் கப்பற்காரர் சொல்லில் ஏரா. நம் பள்ளிப் பாடநூல் மீனைப் பற்றிச் சொல்லும்போது 'படகு போன்ற உடல்' என்கிறது. பிரெஞ்சுக்காரரும் நம் பாடநூல்காரரும் கலந்து பேசியிருக்க வாய்ப்பில்லை. தண்ணீரைப் பார்த்தவனுக்குப் படகுதான் தோன்றும்.

உயிரியலில் படகு வந்தது. இயற்பியலில் வந்தது 'வரிச்சீர் ஓட்டம்'. பதினொன்றாம் வகுப்பில் இதை மனப்பாடம் செய்தவர்கள், வரி என்றதும் தாலுகா அலுவலகத்தை நினைத்திருப்பார்கள். வரிக்குதிரையின் வரி என்று ஆசிரியர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கோடு கோடாக, சீராக, ஒன்றையொன்று வெட்டாமல் ஓடுவது என்று பொருள் விளங்கியிருக்கும். நல்ல சொல்தான். ஆனால் 'ஓட்டம்' சேர்த்தால்தான் அதில் தண்ணீர் வருகிறது.

எனக்கு இதைவிடப் பிடித்தது 'ஒழுக்கு'. ஒழுகுவது நீர், வரிசையாகப் போவதும் ஒழுக்குத்தான். புறநானூற்றில் சிறுகுடிப் பண்ணன் வீட்டுச் சோற்றைக் கையில் ஏந்திப் போகும் சிறுவர் வரிசைக்கு எறும்பின் ஒழுக்கு உவமையாகிறது. ஸ்ட்ரீமும் லைனும் ஒரே சொல்லில்! ரயிலும் ஒரு வரிசைதானே. ஆங்கிலத்தில் ஸ்ட்ரீம்லைன் பின்னாளில் அலுவலகத்துக்குள் நுழைந்து, நடைமுறைகளைச் சீர்செய்வது என்ற பொருளைப் பெற்றது. தமிழில் ஒழுகு என்ற வினை அதைவிட நெடுங்காலம் முன்பே ஒழுக்கம் ஆகிவிட்டது. நீர் நடக்கும் விதம் மனிதன் நடக்கும் விதமானது.

சரி, எஞ்சினுக்குத் திரும்புவோம். வடிவமைப்புக்குப் பொறுப்பான ஸ்டேனியர் அப்போது இந்திய ரயில்வேயை ஆராயும் குழுவோடு இங்கே வந்திருந்தார். வரைபடங்களைப் பெரும்பாலும் முடித்தவர் தலைமை வரைவாளர் டாம் கோல்மன். முதல் ஐந்து எஞ்சின்களுக்கு நீல வண்ணம். மூக்கின் நடுவில் ஆங்கில 'வி' எழுத்துபோலக் கூடி, அங்கிருந்து எஞ்சினின் இரு பக்கமும், பின்னால் வரும் பெட்டிகளின் மேலும் வெள்ளிக் கோடுகள் ஓடின. காற்று போகும் தடத்தை வண்ணத்தால் எழுதிக் காட்டியதுபோல. ராங்கினின் கோடு ஒரு வட்டம் சுற்றி மறுபடி கோடாகவே வந்து நின்றது இங்கேதான். வரிச்சீர் என்ற நம் சொல்லும் வேறெந்த எஞ்சினையும்விட இதற்குப் பொருந்தும்: சட்டையிலேயே வரி இருக்கிறது.

1937 ஜூன் 29 அன்று 6220 எண் கொரோனேஷன் குரூ நகரை நெருங்கும்போது மணிக்கு 114 மைல், அதாவது 183 கிலோமீட்டர் தொட்டது. நிலையத்துக்குள் நுழையும் வளைவுகளுக்கு அந்த வேகம் பொறுக்கவில்லை. உணவுப் பெட்டியில் பீங்கான் தட்டுகள் உடைந்தன. மாதிரிக்கு அந்தக் கவலை இல்லை. 76-இல் ஒரு பங்கு அளவில், 100 மைல் வேகம் என்பது மணிக்கு இரண்டே கிலோமீட்டர் சொச்சம். நடக்கப் பழகிய குழந்தை அதைத் தாண்டிப் போய்விடும். அந்த வேகத்தில் காற்றுக்கு எஞ்சின் போவதே தெரியாது. மேசையில் சட்டை மாற்றுபவர் செய்வது முழுக்க முழுக்க வரி வேலை. சீர் அதில் இல்லை. அதனால்தான் அவர்கள் உடலைவிடக் கோட்டுக்கு அதிகம் சண்டை போடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

மொத்தம் 38 எஞ்சின்களில் 24 சட்டையோடு பிறந்தவை. போருக்குப் பிறகு பழைய வேகம் இல்லை; பழுது பார்க்கும் தொழிலாளிக்கோ சட்டை ஓர் இடைஞ்சல். 1946-க்கும் 1949-க்கும் இடையில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். ஆனால் சட்டைக்குள் அடங்கும்படி முன்பக்கம் சரிவாகச் சீவிய புகைப்பெட்டி பல எஞ்சின்களில் சில ஆண்டுகள் அப்படியே இருந்தது. அதைப் பார்த்து 'செமி' என்று ஒரு பட்டப்பெயர் வந்தது, பாதி. உடுப்பு போன பிறகும் உடுத்தியிருந்த தழும்புக்கு ஒரு பெயர்.

மாதிரி செய்பவர் இறுதியாக இடறுவது பெயர்ப்பலகையில். 1939-இல் அமெரிக்காவுக்குக் காட்சிக்குப் போன கொரோனேஷன் உண்மையில் 6229 எண் 'டச்சஸ் ஆஃப் ஹாமில்டன்'. சிவப்பு உடலும் தங்க நிறக் கோடுகளுமாக, பெயரையும் எண்ணையும் மாற்றிக்கொண்டு கப்பலேறியது. அசல் கொரோனேஷன் ஊரில் இருந்தபடி நீல நிறத்தில் டச்சஸாக ஓடியது. ஆகவே சிவப்புக் கொரோனேஷன் செய்து வைத்தால், பின்னணியில் பெரும்பாலும் அமெரிக்க நிலையம்தான் இருக்க வேண்டும்.

அந்த 6229-க்கு 2009-இல் மறுபடியும் முழு அளவில் தகட்டுச் சட்டை தைத்து மாட்டினார்கள். சிவப்பு, தங்கக் கோடுகள், சொந்தப் பெயர். யார்க் நகர ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது, ஓடுவதில்லை.