இந்தியப் பொதுத் தேர்தல், 2004

இந்தியாவின் 14ஆவது மக்களவைக்கான தேர்தல் 2004 ஏப்ரல் 20 முதல் மே 10 வரை நான்கு கட்டங்களாக நடந்தது. மே 13 அன்று வாக்குகள் எண்ணப்பட்டன. அடல் பிகாரி வாஜ்பாயி தலைமையிலான தேசிய ஜனநாயகக் கூட்டணி ஆட்சியை இழந்தது. காங்கிரசும் அதன் தோழமைக் கட்சிகளும் இடதுசாரிகளின் ஆதரவோடு ஆட்சிக்கு வந்தன. 543 தொகுதிகளிலும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் பயன்படுத்தப்பட்ட முதல் பொதுத் தேர்தல் இது. சுமார் 67 கோடி வாக்காளர்களில் 58 விழுக்காட்டினர் வாக்களித்தனர்.

2003 டிசம்பரில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், சத்தீஸ்கர் சட்டமன்றத் தேர்தல்களில் பா.ஜ.க. வென்றது. அந்தச் சூட்டோடு பிப்ரவரி 6 அன்று மக்களவை கலைக்கப்பட்டது. 'இந்தியா ஒளிர்கிறது' என்ற விளம்பரங்கள் தொலைக்காட்சியையும் நாளிதழ்களையும் நிறைத்தன. ஆளும் கூட்டணியே முந்தும் என்றுதான் கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலானவை சொல்லின.

முடிவில் காங்கிரஸ் 145 இடங்களும் பா.ஜ.க. 138 இடங்களும் பெற்றன. 1999இல் இவை முறையே 114, 182. இதை ஓர் அலை என்று சொல்வது மிகை. காங்கிரசின் வாக்கு விகிதம் 26.5 விழுக்காடுதான், 1999இல் பெற்றதைவிடச் சற்றுக் குறைவு. பா.ஜ.க. பெற்றது 22.2. யார் யாரோடு சேர்ந்தார்கள், யார் யாரை விட்டுப் போனார்கள் என்பதே இடங்களை மாற்றியது.

அதற்குத் தமிழ்நாட்டைவிடத் தெளிவான சான்று இல்லை. 1999இல் தி.மு.க.வோடு நின்ற தேசிய ஜனநாயகக் கூட்டணி இங்கே 26 இடங்களைப் பிடித்திருந்தது. 2003 டிசம்பரில் தி.மு.க. வெளியேறியது, ம.தி.மு.க., பா.ம.க. ஆகியவையும் அதே வழியில் போயின. பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவில் கைதான ம.தி.மு.க. தலைவர் வைகோ 2004 பிப்ரவரியில்தான் வேலூர் சிறையிலிருந்து வெளிவந்தார். ராஜீவ் காந்தி கொலையை விசாரித்த ஜெயின் கமிஷனின் அறிக்கையைக் காட்டி, தி.மு.க. அமைச்சர்களை நீக்கச் சொல்லி, 1997இல் குஜ்ரால் அரசைக் கவிழ்த்த காங்கிரசோடு தி.மு.க. தலைவர் கருணாநிதி கை கோத்தார். எதிர்ப்பக்கமும் இதற்குச் சளைத்ததல்ல: 1999இல் ஆதரவை விலக்கி வாஜ்பாயி அரசு ஒரே வாக்கில் கவிழக் காரணமான அ.தி.மு.க.வோடு பா.ஜ.க. சேர்ந்தது. தி.மு.க. அணிக்கு 39 தொகுதிகளும் கிடைத்தன: தி.மு.க. 16, காங்கிரஸ் 10, பா.ம.க. 5, ம.தி.மு.க. 4, இரு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் தலா 2. புதுச்சேரியும் பா.ம.க.வுக்குப் போனது. அ.தி.மு.க. கிட்டத்தட்ட 30 விழுக்காடு வாக்கு வாங்கியும் ஓரிடம்கூடப் பெறவில்லை.

ஆந்திராவில் தெலுங்கு தேசம் 29 இடங்களிலிருந்து 5ஆகச் சுருங்கியது. வறட்சியிலும் கடனிலும் தவித்த விவசாயிகளின் கோபத்தோடு, தெலங்கானா ராஷ்டிர சமிதியுடனும் இடதுசாரிகளுடனும் காங்கிரஸ் செய்துகொண்ட உடன்பாடும் அங்கே வேலை செய்தது. பீகாரில் லாலு பிரசாத், ராம் விலாஸ் பாஸ்வான் ஆகியோருடனான கூட்டு பலன் தந்தது. கேரளத்தில் காங்கிரசுக்கு ஓரிடமும் இல்லை. ஆனால் அங்கே அதைத் தோற்கடித்த இடதுசாரிகள்தான் டெல்லியில் அதற்குத் தோள் கொடுத்தார்கள். நாடு முழுவதும் நான்கு இடதுசாரிக் கட்சிகளும் சேர்ந்து 59 இடங்கள் பெற்றிருந்தன.

எந்த அணிக்கும் பெரும்பான்மைக்கு வேண்டிய 272 இடங்கள் கிடைக்கவில்லை. இடதுசாரி ஆதரவில் அமையும் அரசு என்ற அச்சத்தில் மே 17 அன்று மும்பை பங்குச்சந்தை சரிய, வர்த்தகம் இருமுறை நிறுத்தப்பட்டது. மறுநாள் சோனியா காந்தி பிரதமர் பதவியை ஏற்க மறுத்தார். மே 22 அன்று மன்மோகன் சிங் பதவியேற்றார். ஐக்கிய முற்போக்குக் கூட்டணி என்ற பெயரே தேர்தலுக்குப் பின்புதான் வந்தது. இடதுசாரிகள் அமைச்சரவையில் சேராமல் வெளியிலிருந்து ஆதரித்தனர். மார்க்சிஸ்ட் கட்சியின் சோம்நாத் சாட்டர்ஜி மக்களவைத் தலைவரானார். தி.மு.க.வுக்கு ஏழு அமைச்சர்கள். கேட்ட இலாகாக்கள் கிடைக்கவில்லை என்று அவர்கள் சில நாள் பொறுப்பேற்காமல் இருந்தது புதிய அரசின் முதல் பூசல்.

சென்னையில் ஆட்சி மாறவில்லை, ஆனால் ஆட்சியின் போக்கு மாறியது. 2003இல் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.70 லட்சம் அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரேயடியாக வேலைநீக்கம் செய்த முதல்வர் ஜெயலலிதா, முடிவு வந்த ஒரு வாரத்துக்குள் அவர்கள் மீது எஞ்சியிருந்த நடவடிக்கைகளைக் கைவிட்டார். விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் திரும்பியது; மதமாற்றத் தடைச் சட்டமும், வசதியுள்ளவர்கள் என்று பொருள்களை மறுக்க ரேஷன் அட்டையில் குத்திய 'எச்' முத்திரையும் போயின.