தாயகம் திரும்பியோரின் கணக்கு



சம்பள நாள் என்றால் என்ன என்பதைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கிராணியார் மேசையின் முன் அமர்ந்து, செக்ரோலைப் பிரித்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயருக்கு நேரே எத்தனை நாள் வேலை, எவ்வளவு பிடித்தம், மிச்சம் எவ்வளவு என்று எழுதியிருக்கும். "ஐயா, எனக்கு ரெண்டு நாள் குறையுதுங்களே" என்று ஒருவர் கேட்டுவிட்டால் வரிசை நின்றுவிடும். கேட்டவர் எழுதப் படிக்கத் தெரியாதவராக இருக்கலாம். ஆனால் எத்தனை நாள் பால் மரம் வெட்டினோம் என்பது அவருக்குத் தெரியும்.

இன்று தம்போயிலிருந்து ஸ்கூடாய் போகும் சாலையில் ரப்பர் மரங்களைக் காண்பது அரிது. தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் வந்துவிட்டன. ஆயினும் இந்த வட்டாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றுக்கு அந்தச் சம்பள மேசை இன்னும் மறக்கவில்லை. அந்த மேசையின் முன் கேட்கப்பட்ட கேள்வியைத்தான் இன்று ஓர் அரசாங்கத்தின் முன் வைத்துப் பார்க்கப் போகிறோம். நாடிழந்து வந்தவர்களுக்கென்று அரசாங்கம் பணம் ஒதுக்குகிறது. அந்தப் பணம் உரியவரின் கையில் சேர்ந்ததா? சேர்ந்தது என்பதை யார் பார்த்துச் சொல்வது?

இந்தக் கேள்விக்கு விடை தேட, நம்மைப் போலவே தோட்டத்தில் உழைத்த இன்னொரு கூட்டத்தாரின் வரலாற்றைப் பார்ப்போம். நம் முன்னோர்கள் மலாய் நாட்டுக்குக் கப்பல் ஏறியதைப் போல, அவர்களுடைய முன்னோர்கள் கண்டிச் சீமைக்குப் போனார்கள். அங்கே காடழித்துக் காப்பி பயிரிட்டார்கள். பிறகு தேயிலை பயிரிட்டார்கள். இலங்கை 1948-இல் சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. பிறந்த மண்ணிலேயே அவர்கள் அந்நியரானார்கள்.

1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்கள் மொத்தம் 9,75,000 பேர் என்று அதில் கணக்கிடப்பட்டது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும். மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. பத்து ஆண்டுகள் கழித்து, 1974-இல், அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம், பிரித்துக்கொண்டார்கள். மூட்டை மூட்டையாகச் சரக்கைப் பங்கிடுவது போல மனிதர்களைப் பங்கிட்டார்கள் என்று அக்காலத்தில் பலர் வருந்தினார்கள். பங்கிடப்பட்டவர்களை அழைத்து யாரும் கேட்கவில்லை.

ஆனால் இந்தியா ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டது. வருகிறவர்களுக்கு மறுவாழ்வு அளிக்கவேண்டும். அதற்குப் பணம் ஒதுக்கவேண்டும். இங்கேதான் நம்முடைய கணக்கு தொடங்குகிறது.

தலைமன்னாரிலிருந்து கப்பலில் வந்தவர்கள் இராமேசுவரத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து மண்டபம் முகாமுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். இந்த மண்டபம் முகாமுக்கு ஒரு வரலாறு உண்டு. முன்னாளில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களைத் தங்க வைத்து, நோய் நொடி இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிய இடம் அதுவே. தாத்தா போன வழியாகவே பேரன் திரும்பி வந்தான்.

வந்த ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் ஒரு குடும்ப அட்டை இருந்தது. குடும்பத்தில் எத்தனை பேர், எந்த ஊருக்குப் போகிறார்கள், எந்தத் திட்டத்தின் கீழ் உதவி பெறுவார்கள் என்பதெல்லாம் அதில் பதிவாயிருந்தன. கப்பல் போக்குவரத்து 1984-இல் நின்று போவதற்குள், பிள்ளைகளையும் சேர்த்து, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழகம் வந்து சேர்ந்தார்கள்.

இவர்களுக்கான உதவி பல வகைப்பட்டது. ஒரு வகை, தோட்ட வேலை. தமிழ்நாட்டு அரசு 1968-இல் நீலகிரி மாவட்டத்தில் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கத் தொடங்கியது. பின்னர் 1976-இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. "டான்டீ" என்று சுருக்கமாக அழைக்கப்படுவது இதுதான். கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் போன்ற இடங்களில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலையும் லயத்து வீடும் கிடைத்தன. கேரளத்தில் புனலூரிலும், கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர் வட்டாரத்திலும், நிக்கோபார் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த கச்சால் தீவிலும் ரப்பர் தோட்டங்கள் போடப்பட்டன. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களுக்காக 1969-இல் சென்னையில் "ரெப்கோ" என்னும் கூட்டுறவு வங்கி தொடங்கப்பட்டது.

தோட்டம் போட்டால் கண்ணுக்குத் தெரியும். எத்தனை ஏக்கர், எத்தனை வீடு, எத்தனை பேர் பெயர் கொடுத்தார்கள் என்று போய் எண்ணிப் பார்க்கலாம். ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தோட்ட வேலை கிடைக்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது வியாபாரக் கடன். குடும்பத்துக்கு ஐயாயிரம் ரூபாய் வரை கொடுத்து, சிறு கடை வைத்துப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

நேயர்களே, கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். நம் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால் வெட்டிய ஒருவரை, அவர் ஒருநாளும் பார்த்திராத ஊரில் இறக்கிவிட்டு, கையில் பணத்தைக் கொடுத்து, "மளிகைக் கடை வையுங்கள்" என்றால் என்ன செய்வார்? சரக்கு எங்கே வாங்குவது, யாருக்குக் கடன் சொல்லலாம், யாருக்குச் சொல்லக்கூடாது, எதுவும் தெரியாது. தேயிலைக் கொழுந்து கிள்ளிய கைகளுக்குத் தராசு பிடிக்க யாரும் சொல்லித் தரவில்லை. இதைக் கண்டுகொண்ட தரகர்கள் அவர்களைச் சூழ்ந்துகொண்டார்கள். கடன் வாங்கித் தருகிறேன், மனு எழுதித் தருகிறேன், கடைக்கு இடம் பார்த்துத் தருகிறேன் என்று ஆளுக்கொரு பங்கைப் பிடுங்கினார்கள். மிஞ்சியதைச் சோற்றுக்குச் செலவழித்துவிட்டு, வேலை தேடிப் பல குடும்பங்கள் மலையேறின.

அப்படி ஏறியவர்களில் ஒரு பகுதியினர் கொடைக்கானல் மலைக் காடுகளில் மரம் வெட்டும் குத்தகைக்காரர்களிடம் முன்பணம் வாங்கிச் சிக்கிக்கொண்டார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் இந்தியாவில் 1976-இலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும், 1980-களில், தாயகம் திரும்பிய குடும்பங்கள் அங்கே கொத்தடிமைகளாக இருந்தது வெளியே தெரிய வந்தது. பிறகே மீட்பு நடவடிக்கைகள் நடந்தன.

இப்போது அரசாங்கப் புத்தகத்தைத் திறந்து பார்ப்போம். அந்தக் குடும்பத்தின் பெயருக்கு நேரே, "வியாபாரக் கடன் வழங்கப்பட்டது, மறுவாழ்வு அளிக்கப்பட்டது" என்று எழுதியிருக்கும். பணம் போனது உண்மை; ரசீது உண்டு, கைநாட்டும் உண்டு. எழுத்தில் பிழை இல்லை. ஆனால் அந்தக் குடும்பம் காட்டில் கொத்தடிமையாகக் கிடக்கிறது. பணம் செலவானதா என்று மட்டும் கேட்டால் கணக்கு சரியாயிருக்கும். குடும்பம் பிழைத்ததா என்று கேட்டால்தான் கணக்கின் ஓட்டை தெரியும்.

இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதற்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. இந்திய அரசியல் சட்டத்தின்படி தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் என்ற அதிகாரி இருக்கிறார். அமைச்சர்கள் நினைத்தபடி அவரை நீக்கிவிட முடியாது. மத்திய அரசின் கணக்கைப் பற்றிய அவருடைய அறிக்கை நாடாளுமன்றத்துக்கும், மாநிலக் கணக்கைப் பற்றிய அறிக்கை சட்டமன்றத்துக்கும் போகவேண்டும். அங்கே பொதுக் கணக்குக் குழு அதனைப் படித்து அதிகாரிகளை அழைத்துக் கேள்வி கேட்கும். இந்திய நாடாளுமன்றத்தில் இந்தக் குழுவுக்கு எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஒருவர் தலைவராக இருப்பது 1967 முதல் வழக்கம். செலவழித்தவரே தம் கணக்கைத் தாமே சரிபார்த்துக்கொள்ளக் கூடாது என்பதே இதன் கருத்து. நம் மலேசியாவிலும் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை மாமன்னரிடம் அளிக்கப்பட்டு, மக்களவையில் வைக்கப்படுகிறது.

ஆனால் சட்டம் இருந்தால் போதுமா? கேட்பதற்கு ஆளும் வேண்டும். தாயகம் திரும்பியவர்களுக்காவது இந்தியக் குடியுரிமை இருந்தது, வாக்கு இருந்தது. அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அதுவும் இல்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, உயிருக்கு அஞ்சிப் படகேறித் தமிழகம் வந்தவர்கள் அகதிகளாகப் பதிவு செய்யப்பட்டார்கள். அதே மண்டபம் முகாம் அவர்களையும் ஏற்றுக்கொண்டது. உலக நாடுகள் 1951-இல் செய்துகொண்ட அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, மலேசியாவும் கையெழுத்திடவில்லை. ஆகவே அகதிக்குக் கொடுக்கப்படும் உதவித்தொகை உரிமையாகக் கருதப்படாமல் அரசின் கருணையாகவே வழங்கப்பட்டு வந்தது. மாநில அரசு முதலில் செலவழிக்கும். மத்திய அரசு பிறகு அதனைத் திருப்பித் தரும். இரண்டு அரசுகளின் புத்தகங்களிலும் கணக்கு ஏறியது. ஒழுகும் கூரையின் கீழ் இருந்தவர் மட்டும் யாரைக் கேட்பது என்று தெரியாமல் இருந்தார்.

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. அப்படிப் படகில் வந்தவர்களில் மலையகத் தோட்டக் குடும்பங்களும் இருந்தன. 1964 ஒப்பந்தத்தின் கணக்கில் அடங்கவேண்டியவர்கள், கப்பல் நின்று போனதால், அகதிகள் என்ற பெயரில் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் சிலர் தொடுத்த வழக்கில், அவர்களுடைய குடியுரிமை மனுக்களைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூன் மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் கையெழுத்தாகி ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, "எங்கள் பெயர் விடுபட்டுப் போயிற்று" என்று அவர்கள் மேசையின் முன் வந்து நின்றார்கள்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு ஓர் அறிவிப்பைச் செய்தது. முகாம்களில் வாழ்வோருக்காக 317 கோடியே 40 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. அப்போது 108 முகாம்களில் ஏறத்தாழ 59,000 பேர் இருந்தார்கள். பழுதடைந்த 7,469 வீடுகளுக்குப் பதிலாகப் புது வீடுகள் கட்டப்படும் என்றும், முதற்கட்டமாக 3,510 வீடுகள் எழும்பும் என்றும் சொல்லப்பட்டது. 2023 செப்டம்பரில், வேலூர் மாவட்டம் மேல்மொணவூரில் நடந்த விழாவில் 1,591 வீடுகள் திறந்து வைக்கப்பட்டன. இந்த எண்களை ஏன் சொல்கிறேன் என்றால், எண் சொல்லி அறிவித்தால் எண்ணிப் பார்க்க முடியும். 7,469 என்று சொன்னவரிடம், "இன்னும் எத்தனை பாக்கி?" என்று கேட்கலாம். "மறுவாழ்வு அளித்தோம்" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால் எதை வைத்துக் கேட்பது?

இது அடுத்தவர் வீட்டுக் கதை என்று நாம் இருந்துவிடக் கூடாது. நமக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 1907-இல் மலாய் நாட்டில் தமிழர் குடியேற்ற நிதி தொடங்கப்பட்டது. தொழிலாளர் தொகையைக் கணக்கிட்டு முதலாளிகள் அதில் பணம் செலுத்தினார்கள். அந்த நிதி அரசாங்கத்தின் பொது வருமானத்தில் சேர்ந்ததன்று. தொழிலாளரைக் கொண்டு வருவதற்கும், இயலாதவர்களைப் பராமரிப்பதற்கும், ஊருக்குத் திருப்பி அனுப்புவதற்கும் ஒதுக்கப்பட்டது. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது, வேலை இழந்த பல்லாயிரவர் மீண்டும் கப்பல் ஏறினார்கள். அவர்களை அனுப்பிய செலவும் கணக்கில் ஏறியது. ஊரில் இறங்கிய பிறகு அவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதற்கு அந்தப் புத்தகத்தில் பத்தியே இல்லை. அந்த நிதியின் மிச்சம் 1958-இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாயிற்று. 1999-இல் அதுவும் கலைக்கப்பட்டு, சொத்துக்கள் அரசாங்கத்திடம் போயின. நம் பாட்டன் பாட்டியின் தலைக்கு இவ்வளவு என்று சேர்ந்த பணம் அது. அதன் கதையை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

ஆகவே, நேயர்களே, இந்த வரலாற்றிலிருந்து இரண்டு காரியங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது, தாள்களைப் பத்திரப்படுத்துவது. பாட்டியின் பெட்டியில் கிடக்கும் பழைய அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம், சேமநிதிக் கணக்கு ஆகியவற்றைக் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். தாயகம் திரும்பியோரில், குடும்ப அட்டையைத் தொலைத்தவர் தம்மை யாரென்று மெய்ப்பிக்கவே அலைய வேண்டியதாயிற்று. இரண்டாவது, நமக்கென்று ஒதுக்கப்படும் பணத்தைப் பற்றிச் செய்தி வந்தால், எவ்வளவு என்று கேட்டு மகிழ்வதோடு நிறுத்தாமல், யாருக்கு, எத்தனை பேருக்கு, எப்போது, சேர்ந்ததா என்று நான்கையும் கேட்பது. நாடிழந்து நம் நாட்டுக்கு வந்திருப்பவர்களின் பெயரால் செலவாகும் பணத்தைப் பற்றியும் இதே கேள்விகளைக் கேட்கவேண்டும். அவர்களுக்கு இங்கே வாக்கு இல்லை.

சம்பள மேசையின் முன் நின்று, "ரெண்டு நாள் குறையுதுங்களே" என்று கேட்ட நம் பெரியவர் மரியாதை தவறவில்லை. தமக்கு உரியதைக் கேட்டார். கிராணியாரும் செக்ரோலைத் திருப்பிப் பார்க்க வேண்டியவரானார்.