கேட்பவர் எப்போது உள்ளே வந்தார்? தொடர்பாடல் கோட்பாட்டின் ஒரு வரலாறு

இதழியல், கல்வியியல், மேலாண்மை என்று எந்தத் துறையின் பாடநூலைப் புரட்டினாலும் தொடர்பாடல் பற்றிய அலகில் அநேகமாக ஒரு படம் இருக்கும். இடப்புறக் கட்டத்தில் அனுப்புநர், வலப்புறக் கட்டத்தில் பெறுநர், நடுவே ஓர் அம்புக்குறி, அதன்மேல் ‘இரைச்சல்’. இதன் மூலப்படத்தை வரைந்தவர் மனிதர்கள் பேசிக்கொள்வதை விளக்க முற்படவில்லை. சொல்லின் பொருள் தம் கணக்கில் சேராது என்று கட்டுரையின் தொடக்கத்திலேயே எழுதியும் வைத்தார். தொலைபேசிப் பொறியியலுக்காகப் பிறந்த அந்தப் படம் மனித உரையாடலின்மேல் எப்படி ஏறி உட்கார்ந்தது, அதில் வெறும் கொள்கலமாக இருந்த கேட்பவர் எப்படிப் பங்காளியானார் என்பதை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

பெல் தொலைபேசி நிறுவனத்தின் பொறியாளர்களுக்கு இருந்த கேள்வி எளிமையானது: ஒரு கம்பியில் எவ்வளவு அனுப்பலாம்? 1924இல் ஹாரி நைக்விஸ்ட் தந்தியின் வேகத்தை எது கட்டுப்படுத்துகிறது என்று ஆராய்ந்தார். 1928இல் ரால்ஃப் ஹார்ட்லி, தகவலை அளக்க வேண்டுமானால் அனுப்புபவரின் மனத்தை ஒதுக்கிவிட்டு, அவர் எத்தனை குறிகளிலிருந்து ஒன்றைத் தேர்கிறார் என்பதை மட்டும் எண்ண வேண்டும் என்றார். இந்த ஒதுக்கல்தான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். பெல் நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழில் 1948 ஜூலையிலும் அக்டோபரிலும் இரு பகுதிகளாக வந்த கிளாட் ஷானனின் கட்டுரை அதன்மேல் முழுக் கோட்பாட்டைக் கட்டியது. தகவல் மூலம், அனுப்பு கருவி, தடம், இரைச்சல், வாங்கு கருவி, சேருமிடம் என்ற வரிசை அக்கட்டுரையின் முதல் படமாக இடம்பெற்றது. தகவலின் அலகாகிய ‘பிட்’ அச்சில் வந்ததும் அதில்தான்; அந்தப் பெயரைச் சொன்னவர் ஜான் டூக்கி என்று ஷானனே குறித்திருக்கிறார்.

ஆங்கில எழுத்தில் ஏறக்குறையப் பாதி மிகை என்று ஷானன் கணக்கிட்டார். வரப்போகும் எழுத்தை முன்னாலேயே ஊகிக்க முடிவதால்தான் சிதைந்த தந்தியையும் படிக்க முடிகிறது. தடத்தின் கொள்ளளவுக்கு உள்ளே நின்று தக்க முறையில் குறியாக்கினால் பிழையை வேண்டிய அளவுக்குக் குறைக்கலாம் என்று அவர் நிறுவினார். இன்றைய கைப்பேசிக்கு அது அடிப்படை. கோட்பாட்டில் பழுதில்லை, அதைத் தூக்கிக்கொண்டு போன இடத்தில்தான் சிக்கல்.

தூக்கிக்கொண்டு போனவர்களில் முதல்வர் வாரன் வீவர். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் இயற்கை அறிவியல் பிரிவுக்குத் தலைமை வகித்தவர். குறிகள் துல்லியமாகச் சென்றனவா, கருதிய பொருள் சென்றதா, கேட்டவரின் நடத்தை மாறியதா என்று தொடர்பாடலை மூன்று தளங்களாகப் பிரித்தார். முதல் தளத்துக்கான ஷானனின் கணிதம் மற்ற இரண்டுக்கும் உதவும் என்பது அவர் நம்பிக்கை. 1949இல் இல்லினாய் பல்கலைக்கழகப் பதிப்பகம் இருவர் கட்டுரைகளையும் ஒரே நூலாக வெளியிட்டது. கணிதம் புரியாதவர்கள் வீவரைப் படித்தார்கள். படம் மட்டும் ஷானனுடையது. இரண்டும் ஒட்டிக்கொண்டு ‘ஷானன்–வீவர் மாதிரி’ என்ற பெயர் பிறந்தது.

அதே பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய வில்பர் ஷ்ராம் 1954இல் படத்தைத் திருத்தினார். அனுப்புநருக்கும் பெறுநருக்கும் அனுபவ வட்டங்கள் உண்டு, அவை ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதியில்தான் செய்தி பிழைக்கும் என்றார். நோர்பர்ட் வீனர் 1948இல் முன்வைத்த, கட்டுப்பாடும் தொடர்பும் பற்றிய இயலான சைபர்னெட்டிக்ஸ் வழியே பின்னூட்டமும் உள்ளே வந்தது. நல்ல திருத்தங்களே. ஆனாலும் ஒருவர் மனத்தில் பொட்டலம் கட்டி, மற்றவர் மனத்தில் பிரிப்பதுதான் பேச்சு என்ற எண்ணம் அப்படியே இருந்தது. 1956இல் ஷானனே ஒரு சிறு குறிப்பெழுதி, தகவல் கோட்பாட்டை ஆளாளுக்கு எல்லாத் துறைகளிலும் ஒட்டுவதைக் கண்டித்தார். ரயில் அதற்குள் கிளம்பிவிட்டிருந்தது.

இன்னொரு தொடக்கமும் அதே 1948இல்தான். ஆக்ஸ்ஃபோர்டின் மெய்யியலாளர் பால் கிரைஸ் ‘பொருள்’ பற்றி ஓர் உரை படித்தார். அது அச்சேற 1957 ஆயிற்று. ஒருவர் ஒன்றைப் பொருளாகக் கொண்டு பேசுவதென்றால், தம் நோக்கத்தைக் கேட்பவர் அடையாளம் காண வேண்டும், அப்படிக் காண்பதன் மூலமே விளைவு நிகழ வேண்டும் என்று எண்ணிப் பேசுவது என்றார். பொட்டலக் கருத்துக்கு விழுந்த முதல் பெரிய அடி இது என்பேன். கேட்பவர் ஊகிக்காவிட்டால் அனுப்ப ஒன்றுமே இல்லை.

1967இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில் கிரைஸ் இதை விரித்தார். மெய்யியல் வேலைக்கு விண்ணப்பித்த மாணவனுக்காக ஆசிரியர் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறார்: மொழியாற்றல் சிறப்பு, வகுப்புக்கு ஒழுங்காக வருவார். அவ்வளவுதான். மெய்யியலில் ஆள் தேறமாட்டார் என்பது கடிதத்தில் எங்கும் இல்லை. படிப்பவர் அதைத்தான் படிப்பார். உரையாடுபவர்கள் அளவு, உண்மை, தொடர்பு, தெளிவு ஆகியவற்றில் ஒத்துழைப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு இருப்பதால், அது மீறப்பட்டதாகத் தோன்றும் இடத்தில் கேட்பவர் உட்பொருளைத் தேடுகிறார்.

தமிழ் இலக்கண நூலான நன்னூலைப் படித்தவர்களுக்கு இந்த இடம் பழகியதாகத் தோன்றும். அதன் ஆசிரியர் பவணந்தி விடையை எட்டாகப் பிரித்து, சுட்டு, மறை, நேர் நீங்கலான ஐந்தும் விடையாகவே கொள்ளப்படும் என்கிறார். ‘ஆடுவாயா?’ என்றதற்குப் ‘பாடுவேன்’ என்பது இனமொழி. ‘கால் வலிக்கிறது’ என்பது உற்றதுரைத்தல். இரண்டிலும் ‘ஆடமாட்டேன்’ என்ற சொல் இல்லை. ‘நாங்கள் அப்போதே சொல்லிவிட்டோம்’ என்று மார்தட்ட இதை எடுக்கக்கூடாது. நன்னூல் வகைகளைப் பட்டியலிடுகிறது; கேட்பவர் எந்த வழியில் ஊகிக்கிறார் என்பதற்குள் அது போகவில்லை. கிரைஸின் பங்கு அந்த வழியைச் சொன்னது.

மக்கள் ஏன் நேராகச் சொல்வதில்லை என்ற கேள்வி மிச்சமிருந்தது. அதற்கான விடையில் தமிழுக்கு நேரடித் தொடர்பு உண்டு. பெனலோப்பி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978இல் வெளியிட்டு 1987இல் தனி நூலாக்கிய மரியாதைக் கோட்பாடு மூன்று மொழிகளை நம்பி நிற்கிறது: ஆங்கிலம், மெக்சிகோவின் செல்தால், கோவை மாவட்டத்துக் கிராமமொன்றின் தமிழ். பேசுவோருக்கிடையே உள்ள தூரம், கேட்பவரின் அதிகாரம், கேட்கும் காரியத்தின் பளு ஆகிய மூன்றும் கூடக்கூடப் பேச்சு சுற்றிவளைக்கும் என்பது அவர்கள் கணக்கு. வெயிலில் வந்தவர் ‘என்னா வெயிலு’ என்று திண்ணையில் உட்கார்ந்தால் சொம்பில் தண்ணீர் வருவதை இந்தக் கணக்கு விளக்கிவிடும். கொங்குப் பகுதியில் சாதிக்கும் பேச்சுக்கும் உள்ள உறவைப் பற்றி லெவின்சன் 1982இல் தனியாகவும் எழுதினார். யார் யாரை ‘நீ’ என்கிறார், யார் ‘நீங்க’ பெறுகிறார் என்பது செய்தியைச் சுற்றிய அலங்காரமல்ல. பல வேளைகளில் செய்தியே அதுதான். அம்புக்குறிப் படத்தில் இதற்கு இடமே கிடையாது.

இதுவரை வந்த எல்லோரும் பெரும்பாலும் தனி வாக்கியங்களை எடுத்துச் சிந்தித்தவர்கள். சமூகவியலாளர் ஹார்வி சாக்ஸ் ஒலிநாடாவைப் போட்டுக் கேட்டார். 1963–64இல் லாஸ் ஏஞ்சலிஸின் தற்கொலை ஆய்வு மையத்தில் இருந்தபோது மனநல உதவி கேட்டு வந்த தொலைபேசி அழைப்புகளின் பதிவுகள் அவர் கைக்கு வந்தன. ஊழியர் தம் பெயரைச் சொன்னால் அழைத்தவரும் தம் பெயரைச் சொல்வார், அது வழக்கம். ஓர் அழைப்பில் மறுமுனை ‘கேட்கவில்லை’ என்றது. ஊழியர் பெயரைத் திரும்பச் சொல்ல, அழைத்தவர் தம் பெயரைச் சொல்ல வேண்டிய இடம் அந்தச் சுற்றில் கடந்தேபோனது. பெயரைச் சொல்ல மறுக்காமலேயே அதைத் தராமல் நழுவும் வழி அது என்று சாக்ஸ் கண்டார். பொறியாளருக்கு இரைச்சல் என்பது செய்தியின் எதிரி; இங்கே ‘இரைச்சல்’ என்ற புகாரே ஒரு காரியத்தைச் செய்கிறது. இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படும் கண்டுபிடிப்பு இதுவே. அது தொலைபேசியிலேயே கிடைத்தது இன்னும் பொருத்தம்.

1974இல் சாக்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களான ஷெக்லாஃப், ஜெஃபர்சன் இருவரும் பேச்சு முறை எப்படிக் கைமாறுகிறது என்பதற்கு விதிகள் தந்தார்கள். அடுத்த ஆண்டே சாக்ஸ் கார் விபத்தில் இறந்தார். 2009இல் பத்து மொழிகளில் ஆம்–இல்லை கேள்விகளை அளந்த ஆய்வில், கேள்வி முடிந்து விடை தொடங்க ஆன சராசரி இடைவெளி சுமார் 200 மில்லிசெகண்ட். ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே 600 மில்லிசெகண்ட் ஆகிறது. அப்படியானால் கேட்பவர் கேள்வி முடியும்வரை காத்திருக்கவில்லை. அது எங்கே முடியும் என்று கணித்து, நடுவிலேயே விடையைத் தயாரிக்கிறார்.

ஹெர்பர்ட் கிளார்க், டியன்னா வில்க்ஸ்-கிப்ஸ் இருவரும் 1986இல் வெளியிட்ட சோதனை இதற்கு இன்னொரு பக்கம். ஒருவர் விவரிக்க, மற்றவர் பார்க்க முடியாத இடத்தில் இருந்து விநோத வடிவங்களை வரிசைப்படுத்த வேண்டும். முதல் சுற்றில் ஒரு வடிவத்துக்குச் சராசரியாக 41 சொற்கள்; ஆறாம் சுற்றில் 8. சுருக்கியவர் பேசியவர் மட்டுமல்ல. மற்றவர் ‘சரி’ என்றும் ‘எது?’ என்றும் தந்த ஒவ்வொரு குரலும் அந்தப் பெயரைச் செதுக்கியது.

பிழையைத் தடுக்க மிகையை முன்கூட்டியே சேர் என்பது ஷானன் வழி. மனிதர்கள் குறைவாகச் சொல்லிவிட்டு, புரியாதபோது ‘ஆங்?’ என்று கேட்டுத் திருத்திக்கொள்கிறார்கள். 2015இல் பன்னிரண்டு மொழிகளின் அன்றாடப் பேச்சை ஒப்பிட்ட மார்க் டிங்கமான்சே குழுவினர், இத்தகைய திருத்தக் கோரிக்கை சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒருமுறை வருவதைக் கண்டனர். அந்தப் பன்னிரண்டிலோ 2009இன் பத்திலோ திராவிட மொழி ஒன்றுகூட இல்லை. பெரியவரிடம் ‘ஆங்?’ என்று கேட்கலாமா, ‘என்னங்க?’ என்றுதான் கேட்க வேண்டுமா என்ற தேர்வு தமிழில் திருத்தக் கோரிக்கையோடு மரியாதையையும் கோத்துவிடுகிறது. கோவைக் கிராமத்துத் தரவு ஒரு பக்கமும் மில்லிசெகண்ட் அளவீடு மறுபக்கமும் தனித்தனியே கிடக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க, வீட்டிலும் டீக்கடையிலும் நடக்கும் தமிழ்ப் பேச்சைப் பேசுவோர் ஒப்புதலோடு பதிந்து எழுத்தாக்குவதுதான் செய்ய வேண்டிய முதல் வேலை.