கலப்புத் தேறல்

கலப்பு என்னும் சொல்லைக் கேட்டதும் நம்மவர் முகஞ்சுளிப்பர். பாலில் நீர் கலந்ததும், அரிசியிற் கல் கலந்ததும், குலத்தோடு குலம் கலந்ததும் ஒரே பட்டியலில் அடைக்கப்பட்டு, கலப்பற்றதே உயர்ந்ததென நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. இக்கொள்கை மேனாட்டுத் திராட்சை மதுவினிடம் செல்லாது. வெள்ளை ஒயின்களுட் பெரும்புகழ் வாய்ந்தவை பல, இரண்டு மூன்று ஜாதித் திராட்சைகளைக் கலந்து ஆக்கியவையே. குடியாதாரைக் குடிக்கத் தூண்டுவது நமது நோக்கமன்று. குடிப்போரேனும் தாம் குடிப்பது இன்னதென்று அறிதல் நன்று.

தமிழர்க்குக் கலந்த மது புதிதுமன்று. யவனர் கொணர்ந்த மது பாண்டியன் நன்மாறனுக்குப் பொற்கலத்தில் வார்க்கப்பட்டதைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டுச் சுட்டுகிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, அத்தகைய மது வந்த இருகாதுச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அவற்றுட் சில கிரேக்கத்துக் காஸ் தீவின் சாடி வகை என்று பின்வந்த ஆய்வாளர் கண்டனர். காஸ் மதுவின் தனித்தன்மை யாதெனின், அதிற் கடல்நீர் கலப்பதே! அவ்வாறு மது ஆக்கும் முறையை ரோமானியனாகிய கேட்டோ கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தான்.

அது நீர்க்கலப்பு. திராட்சையோடு திராட்சை கலக்கும் கலைக்குப் பிரான்சு தேசத்துப் போர்தோ வட்டாரமே சிறந்த பள்ளிக்கூடம். ஆங்கே செமியோன், சொவின்யோன் பிளான் என இரு வெண்திராட்சைகள் பயிராகின்றன. செமியோனின் சாறு கனத்தது, வழவழப்பானது. முதிர முதிரத் தேன்மணம் பெறும். ஆயினும் புளிப்புக் குறைவாதலின் தனித்து நின்றால் மந்தமாய்ப் படும். சொவின்யோனோ கூரிய புளிப்பும் பச்சிலை மணமும் உடையது. தனித்து நின்றால் சிலர் நாவைக் குத்தும். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. மணத்திற்காக மஸ்கடெல் என்னும் மூன்றாவதையும் சிறிது சேர்ப்பதுண்டு. உழவனுக்கும் இதில் ஆதாயம் உளது: இவை ஒரே நாளிற் பழுப்பதில்லை, மழையோ பனியோ ஒன்றைக் கெடுத்தாலும் மற்றொன்று கைகொடுக்கும். 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோ மதுக்களைத் தரம்பிரித்தபோது, வெள்ளை மதுக்களுட் பிற எல்லாவற்றுக்கும் மேலே தனிப்படியில் வைக்கப்பெற்ற ஷாத்தோ டிக்கெம் இவ்விரண்டின் கலவையே. கலப்படம் வேறு, கலவை வேறு. முன்னது வாங்குவோனுக்கு ஒளித்துச் செய்வது.

ஷாம்பேன் வட்டாரத்தார் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். அவர்தம் வெள்ளை மதுவில் ஷார்டனே என்னும் வெண்திராட்சையோடு பினோ நுவார், மெனியே என்னும் கருந்திராட்சைகளும் சேரும். கருந்திராட்சையின் சாறும் வெளிறியதே. நிறம் தோலோடு சரி. மெல்லப் பிழிந்து தோலை நீக்கிவிட்டால் கறுப்பு எங்கே? வருணம் பேசும் நம் பண்டிதர்கள் இதற்கு என்ன சாத்திரம் காட்டுவர் என்பதை அறிய ஆவலாயிருக்கிறது.

இவையெல்லாம் துரைமார் மேசைச் செய்தி, நமக்கென்ன என்பாருளர். மலாயாத் தோட்டங்களில் துரைக்கு ஒயின், தொழிலாளிக்குக் கள் என்றே பங்கு பிரிந்திருந்தது. கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தமையால் கூலி வாங்கிய கை வீடு சேருமுன் வெறுங்கையாயிற்று. 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் அக்கடைகளை எதிர்த்துக் கிளர்ந்தனர். சிங்கப்பூரிலோ, லிட்டில் இந்தியாவில் 2013 டிசம்பர் 8ஆம் நாள் நிகழ்ந்த கலவரத்தின்பின் 2015இல் ஒரு சட்டம் பிறந்தது. இரவு 10.30 முதல் காலை 7 வரை பொதுவிடங்களிற் குடிப்பதை அது தீவெங்கும் தடுத்தது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் சனி காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை முழுவதும் தடுத்தது. உரிமம் பெற்ற உணவகத்துள் அமர்ந்தோர்க்கு இத்தடையில்லை. கட்டுப்பாடு வேண்டுவதே. ஆயினும் உள்ளிருப்பவன் இரசிகன், புல்தரையில் இருப்பவன் குடிகாரன் என்று உலகம் பிரிப்பது பணப்பையை அளந்தே.

இரசனைக்குப் பெரும்பணம் வேண்டுவதில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் மார்கரெட் ரிவர் வட்டாரத்தார் மேற்சொன்ன செமியோனையும் சொவின்யோனையுமே கலக்கின்றனர். ஆஸ்திரேலியப் புட்டிச் சீட்டில் முன்னிற்கும் பெயரே கலவையில் மிகுந்தது: செமியோன் முந்தினால் வழவழப்பு, சொவின்யோன் முந்தினால் புளிப்பு. மிகக் குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும். 10 பாகை அளவே போதும். ரேஸ் கோர்ஸ் சாலை மீன்தலைக் கறியோடு அருந்துவோர் சாராயச்சத்துக் குறைந்ததைத் தேர்க, இல்லையேல் மிளகாயின் எரிச்சல் மிகும். கறியின் புளிப்புக்கு மதுவின் புளிப்பு ஈடுகொடுக்கவும் வேண்டும்; குறைந்தால் மது வெறும் நீர்போற் சப்பென்றிருக்கும்.