வந்தவாசிக்கு முன்னே வங்கக் கடல்: 1759 செப்டம்பர்ப் போரும் கர்நாடகப் போரின் முடிவும்

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையின் மேற்குப் புறத்தில் உள்ள அடி அண்ணாமலைக்கும் புதுச்சேரிக் கடற்கரைக்கும் இடையே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஆனாலும் 18ஆம் நூற்றாண்டில் இந்த மலையடிவார ஊர்கள் யாருக்கு வரி கட்டுவது என்பதைக் கடல்தான் முடிவு செய்தது. அண்ணாமலையார் கோயிலின் உயர்ந்த மதில்கள் அன்று படைகளுக்குக் கோட்டையாகப் பயன்பட்டன. 1753இல் முர்தசா அலிகானும் மொராரி ராவும் அதை முற்றுகையிட்டனர். 1757இல் சுபீரின் பிரெஞ்சுப் படை அதனுள் புகுந்தது. 1760இல் ஸ்டீபன் ஸ்மித் தலைமையில் ஆங்கிலேயர் அதைப் பிடித்தனர். இந்தக் கடைசிக் கைமாற்றத்துக்குக் காரணமாக நம் பாடநூல்கள் சுட்டுவது, இதே மாவட்டத்தில் 1760 ஜனவரி 22இல் நடந்த வந்தவாசிப் போரை. அதற்கு நாலு மாதம் முன்பு கடலில் நடந்த சண்டையை அவை பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. வந்தவாசியின் முடிவு அங்கேயே எழுதப்பட்டுவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சோழமண்டலக் கரையில் புயலுக்கு ஒதுங்கத் தக்க துறைமுகம் அந்நாளில் கிடையாது. கப்பல்கள் கரைக்கு எட்ட நங்கூரமிடும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் அலை கடந்து வரவேண்டும். ஐப்பசியில் வாடை தொடங்கினால் எந்தக் கடற்படையும் அங்கே தங்க முடியாது. ஆங்கிலேயர் பம்பாய்க்குப் போவார்கள். அங்கே கப்பலைப் பழுதுபார்க்க உலர்துறை இருந்தது. பிரெஞ்சுக்காரர் மொரீசியசுக்குப் போகவேண்டும். அந்தத் தீவோ வந்து இறங்கும் மாலுமிகளுக்கே சோறு போட முடியாமல், நன்னம்பிக்கை முனைக்குக் கப்பல் அனுப்பித் தானியம் வாங்கிக்கொண்டிருந்தது. இந்த ஏற்றத்தாழ்வை மறந்துவிட்டு இரு தரப்புத் தளபதிகளின் குணத்தை மட்டும் எடைபோடுவதில் பயனில்லை.

1758 ஏப்ரலில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் டாஷேயின் கப்பல்களில் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து இறங்கினார். கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டை ஜூன் 2ஆம் தேதி விழுந்தது. ஆனால் ஆகஸ்டில் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் போகாக்குடன் மோதிய பின், லாலி எவ்வளவோ தடுத்தும் டாஷே மொரீசியசுக்குக் கிளம்பிவிட்டார். கப்பற்படை இல்லாமலே லாலி சென்னையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரி 16 அன்று ஆங்கிலக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. மறுநாளே முற்றுகை கலைந்தது.

செப்டம்பர் 10. மொரீசியசிலிருந்து திரும்பி வந்த டாஷேயிடம் பெரிய போர்க்கப்பல்கள் பதினொன்று, போகாக்கிடம் ஒன்பது. பிற்பகலில் தொடங்கிய பீரங்கிச் சண்டை சுமார் இரண்டு மணி நேரம் நீடித்தது. டாஷேயின் தலைமைக் கப்பலான ‘சோடியாக்’கின் தலைவர் மாண்டார், டாஷே காயமடைந்து விழுந்தார். ஆங்கிலேயர் தரப்பில் மட்டும் செத்தவரும் காயம்பட்டவருமாக 569 பேர். ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை, ஒன்றும் பிடிபடவுமில்லை. டாஷே புதுச்சேரியை அடைந்து கொண்டுவந்ததை இறக்கியும் விட்டார். கணக்குப் பார்த்தால் இது வெற்றி தோல்வியில்லாச் சண்டை.

ஆனால் சேதமான கப்பல்களோடு அவர் அங்கே தங்கத் துணியவில்லை. மாத இறுதியில் போகாக் புதுச்சேரிக்கு எதிரிலேயே வந்து போருக்கு அழைத்தும் அவர் இணங்கவில்லை. அவர் கிளம்பியதும் புதுச்சேரியில் கண்டனக் கடிதம் தயாராகி, கடலில் போய்க்கொண்டிருந்தவரைத் துரத்திச் சென்றது. திரும்பி வந்தார், பேசினார், மறுபடியும் போய்விட்டார். அதன்பின் அவர் வரவே இல்லை.

விளைவு தரையில் உடனே தெரிந்தது. அக்டோபரில், வந்தவாசியிலேயே, சம்பளப் பாக்கி கேட்டுப் பிரெஞ்சுச் சிப்பாய்கள் கலகம் செய்தனர். வரிப்பணம் திரட்ட லாலி படையைப் பிரித்து ஒரு பகுதியைத் திருவரங்கத்துக்கு அனுப்பினார். அதே அக்டோபரில் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படை கப்பலில் சென்னை வந்து இறங்கியது. நவம்பர் இறுதியில் வந்தவாசிக் கோட்டை அவர் வசமாயிற்று. அதை மீட்க வந்த லாலியைத்தான் ஜனவரியில் அவர் தோற்கடித்தார். அந்தப் போரில் பிரெஞ்சு இடப்பக்கத்தில் ஒரு குளக்கரையைக் காத்து நின்றவர்கள் டாஷே விட்டுச் சென்ற கடற்படை வீரர்கள். அவர்களிடையே ஒரு வெடிமருந்து வண்டி குண்டடிபட்டு வெடிக்க, சுமார் 80 பேர் வீழ்ந்தனர். அந்தப் பக்கம் அத்தோடு குலைந்தது.

லாலியின் முன்கோபம், சக தளபதி புஸ்ஸியோடு இருந்த பகை, தக்காணத்திலிருந்து புஸ்ஸியைத் திருப்பி அழைத்தது, சாதி பாராமல் ஊராரைப் பிடித்து வண்டி இழுக்க வைத்தது ஆகியவையே தோல்விக்குக் காரணம் என்பார் உண்டு. அவை பொய்யல்ல. ஆனால் பணமும் ஆளும் வந்துகொண்டிருந்தால் இந்தத் தவறுகளைத் தாங்கியிருக்கலாம். பிளாசிப் போருக்குப் பின் வங்காளத்தின் செல்வம் சென்னைக்குக் கடல்வழி வந்துகொண்டிருந்தது. புதுச்சேரிக்கு அப்படி எதுவும் வரவில்லை.

வந்தவாசிக்குப் பின் ஆங்கிலேயர் நடத்திய புதுச்சேரி முற்றுகை இதை இன்னும் தெளிவாக்குகிறது. உணவு தீர்ந்ததும் லாலி சுமார் 1,400 தமிழ்க் குடிமக்களை நகரைவிட்டு விரட்டினார். கூட் முதலில் வழிவிட மறுத்ததால் இரு படைகளுக்கும் நடுவே அவர்கள் பல நாள் பசியோடு கிடந்தனர். 1761 ஜனவரி 1 அன்று வீசிய புயல் ஆங்கிலக் கப்பல்கள் சிலவற்றை அழித்தது. உடனே லாலி, பழவேற்காட்டில் இருந்த தம் ஆளுக்கு, படகில் அரிசி அனுப்பும்படி கடிதம் எழுதினார். ஆனால் மிஞ்சிய ஆங்கிலக் கப்பல்கள் சில நாட்களிலேயே மறுபடி கடலை அடைத்துவிட்டன. அந்த வாரங்களில் பிரெஞ்சுக் கப்பற்படை ஒன்று வந்திருந்தால் என்ற கேள்வி எழாமல் இருக்காது.  ஜனவரி நடுவில் நகரம் சரணடைந்தது.

எதிர்ச்சான்றும் உண்டு. 1782–83இல் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுப்ரென் இதே கரையில் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஹியூசுடன் பலமுறை மோதினார். திருகோணமலையைப் பிடித்து, டாஷேக்கு வாய்க்காத துறைமுகத்தைத் தமக்குச் சம்பாதித்துக்கொண்டார். 1783 ஜூன் 20இல் ஹியூசை விரட்டிக் கடலூரைக் காப்பாற்றினார். சில நாட்களில் ஐரோப்பாவில் சமாதானம் ஆன செய்தி வந்து, எல்லாம் அத்துடன் நின்றது. கடல் வெற்றி பலன் தரக் காலமும் வேண்டும். ஆனால் கரையை விட்டுப் போனவனுக்குக் காலம் இருந்தும் பயனில்லை. 1759ஐ இப்படித்தான் படிக்கவேண்டும்.

புதுச்சேரியை இழந்த குற்றத்துக்காக 1766 மே 9 அன்று பாரிசில் லாலியின் தலை வெட்டப்பட்டது. டாஷே மீது வழக்கு எதுவும் இல்லை. அவர் 1780இல் பிரெஸ்ட் நகரில் இறந்தார்.