நுளம்பைப் படித்த வடக்கு: ஓர் உயிரியல் ஆய்வின் வரலாறு

எமது சங்கம் தோன்றிய நாட்களில் இலங்கையில் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கவில்லை. 1921 இல் கொழும்பில் ஆரம்பிக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி, மாணவர்களை இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கே தயார்செய்தது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல்தான் உருவானது. உயிரியலில் கலாநிதிப் பட்டம் பெற விரும்பிய பெண் கடல் கடக்க வேண்டியிருந்தது. தலைச்சேரியிற் பிறந்து சென்னையிற் கற்ற ஈ. கே. ஜானகி அம்மாள், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் வரை சென்று 1931 இல் அப்பட்டத்தைப் பெற்றார். அக்காலத்தில் கனகராயன்குளத்துப் பெண்பிள்ளை ஒருத்திக்கு அப்படியொரு பட்டம் இருப்பதே தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அந்தத் தூரம் நூறு ஆண்டுகளில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை ஒரு சிறிய உயிரினத்தை வைத்துச் சொல்லலாம். அது வன்னியில் பிறந்த எவருக்கும் அறிமுகம் தேவைப்படாத நுளம்பு.

வன்னியின் கிராமங்கள் நீண்ட காலம் சிறியனவாகவே இருந்தமைக்கு மலேரியாக் காய்ச்சல் ஒரு பெருங்காரணம். இலங்கையில் இந்நோயைப் பரப்பும் முதன்மை நுளம்பு அனோபிலிஸ் குலிசிபேசிஸ் ஆகும். ஓடும் ஆற்றில் அதற்கு இடமில்லை. மழை பொய்த்து ஆறு வற்றி, மணலுக்கிடையே தெளிந்த நீர் குட்டைகளாகத் தேங்கும்போது அங்கே முட்டையிடும். கனகராயன் ஆறு கோடையில் எப்படிக் கிடக்கும் என்பதைக் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 1934-35 இல் வரட்சியால் தென்மேற்கின் ஆறுகளும் அவ்வாறு குட்டைகளானபோது ஏற்பட்ட கொள்ளைநோயில் நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். இரண்டாம் உலகப் போரின் முடிவில் டி.டி.டி. தெளிப்புத் தொடங்கியது. நோய் விரைவாகத் தணிந்தது. 1963 இல் நாடு முழுவதும் 17 நோயாளரே பதிவாகினர். வெற்றி கிடைத்துவிட்டதென்று கண்காணிப்புத் தளர்ந்தது. 1969 இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. நுளம்பைப் பற்றிய படிப்பை இடையில் நிறுத்த முடியாது என்பதை நாடு இப்படித்தான் கற்றுக்கொண்டது.

அப்படிப்பை வடக்கிலேயே நடத்த ஓர் இடம் 1974 இல் வந்தது. அவ்வாண்டு ஒக்ரோபரில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறந்து வைக்கப்பட்டது. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவர். விஞ்ஞானபீடம் வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரிக்குச் சொந்தமான கட்டடங்களில் ஆரம்பித்துப் பின்னர் திருநெல்வேலிக்கு வந்தது. தாவரவியலும் விலங்கியலும் தனித்தனித் துறைகளாயின. 1979 இல் வளாகம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாகியது, பேராசிரியர் சு. வித்தியானந்தன் முதல் துணைவேந்தரானார்.

ஒரு துறையில் விரிவுரை நடப்பது வேறு, ஆய்வு நடப்பது வேறு. விரிவுரைக்கு நூலும் கரும்பலகையும் போதும். ஆய்வுக்கு நுணுக்குக்காட்டி வேண்டும், இரசாயனப் பொருட்கள் வேண்டும், அவற்றைக் குளிரில் வைக்க மின்சாரம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆண்டுக்கணக்கில் குழம்பாத காலம் வேண்டும். 1990 இன் பின் யாழ்ப்பாணத்துக்குத் தேசிய மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை அது. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமமே எழுந்து நடந்தபோது பல்கலைக்கழகமும் சிதறியது. 1990 இல் கிளிநொச்சியில் ஆரம்பிக்கப்பட்ட விவசாயபீடம் போரினால் யாழ்ப்பாணம் சென்று, போரின் பின்பே அறிவியல் நகருக்குத் திரும்பியது. எமது ஊரை ஊடறுத்துச் செல்லும் ஏ9 வீதி 2002 இல் திறந்து 2006 இல் மீண்டும் மூடியது. பல்கலைக்கழகத்துக்கும் அதுவே தரைவழி. இத்தனைக்கும் நடுவில் ஆய்வு நின்றுவிடவில்லை என்பதுதான் நாம் பதிந்து வைக்க வேண்டிய செய்தி.

விலங்கியல் துறையின் பேராசிரியர் எஸ். என். சுரேந்திரன் நுளம்புகளைப் படிப்பவர். குலிசிபேசிஸ் என ஒரே பெயரால் அழைக்கப்பட்ட நுளம்பு, கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் பல இனங்களின் கூட்டம். இலங்கையில் 'பி' எனப் பெயரிடப்பட்ட இனம் மட்டுமே உண்டென்று கருதப்பட்டது. அவ்வினமோ மலேரியாவைப் பரப்புவதில் வலுக்குறைந்தது. அப்படியானால் இங்கே நோயைப் பரப்பியது எது? 1999 இல் எமக்கு நேரெதிரே, இராமேஸ்வரம் தீவில், 'ஈ' என்ற இனம் கண்டறியப்பட்டது. ஆண் நுளம்பின் வை நிறமூர்த்தத்தின் வடிவத்தைக் கொண்டே அதனைப் பிரித்தறிந்தனர். 2000 இல் வெளியான கட்டுரையில் சுரேந்திரனும் உடனாய்வாளர்களும் அந்த இனம் இலங்கையிலும் உண்டென்று காட்டினர். நோயைப் பரப்பும் முதன்மை இனம் அதுவே என்பது பின்னர் தெளிவாயிற்று.

அடுத்த கேள்வி டெங்கு பற்றியது. டெங்கு நுளம்பு தெளிந்த நன்னீரில் மட்டுமே பெருகும் என்று நாமெல்லாம் படித்தோம், பரீட்சையிலும் எழுதினோம். கிணற்று நீர் உவர்க்கும் கரையோரத்தில் வாழும் ஆய்வாளருக்கு அதனை ஒருமுறை சோதித்துப் பார்க்கத் தோன்றுவது இயல்பு. பேராசிரியர் றஞ்சன் இராமசாமியும் சுரேந்திரனும் உடனாய்வாளர்களும் கைவிடப்பட்ட படகுகளிலும், எறியப்பட்ட பிளாஸ்டிக், கண்ணாடிப் பாத்திரங்களிலும், பாவனையற்ற கிணறுகளிலும் தேங்கிய நீரை அகப்பையால் மொண்டு குடம்பிகளைத் தேடினர். ஒவ்வொரு நீரின் உவர்த்தன்மையையும் அளந்தனர். ஆயிரத்துக்கு 2 முதல் 15 பங்கு வரை உப்புள்ள நீரிலும் ஈடிஸ் எகிப்தி, ஈடிஸ் அல்போபிக்டஸ் இரண்டினதும் குடம்பிகள் இருந்தன. கடல் நீரில் ஏறத்தாழ 35 பங்கு உப்பு உண்டு, ஒப்பிட்டுப் பாருங்கள். 2011 இல் வெளியான இவ்வாய்வைத் தொடர்ந்து யாழ்ப்பாண நகரின் வீட்டுக் கிணறுகளும் ஆராயப்பட்டன. கடல்மட்டம் உயர்ந்து நிலத்தடி நீர் உவராகும் காலத்தில், உலகின் எல்லாக் கரையோர மக்களுக்கும் இது முக்கியமான செய்தி. பாடநூல் வாக்கியம் ஒன்றைத் திருத்துவதற்கான சான்று எங்கள் கிணறுகளிலிருந்து கிடைத்தது.

இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 இல் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் புதியதொரு நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. இந்திய நகரங்களில் கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகி மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி அது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வரும் ஒருவரும் இந்நுளம்பும் சந்தித்தால், 1963 இன் பின் நடந்தது திரும்பலாம். அதனால் இவ்வாய்வுகள் புகழுக்காக வெளியிடப்படும் கட்டுரைகளாக மட்டும் இருக்க முடியாது. வடக்கில் ஒருவர் தொடர்ந்து கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

அந்த ஒருவரை உருவாக்கும் வழிதான் கலாநிதிப் படிப்பு. விஞ்ஞானமாணிப் பட்டத்தின் பின் மேற்பார்வையாளர் ஒருவரின் கீழ்ப் பதிவுசெய்து, பெரும்பாலும் முதுதத்துவமாணிப் படிப்பில் தொடங்கி, ஒரே கேள்வியோடு சில ஆண்டுகளைக் கழிக்க வேண்டும். மாதந்தோறும் அதே கிணறுகள், அதே எண்ணிக்கை, அதே அட்டவணை. குடம்பிகள் காரணம் தெரியாமல் இறந்துபோனால் மறுபடியும் முதலிலிருந்து. முடிவில் ஆய்வேடு எழுதி, வெளிப் பரீட்சகர் முன் வாய்மொழித் தேர்வில் அதனைக் காத்து நிற்க வேண்டும். உயர்தரம் வரை 'குடம்பி' என்றும் 'உவர்த்தன்மை' என்றும் தமிழில் எண்ணிய பிள்ளை, இவை யாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதப் பழக வேண்டும். அது இன்னொரு படிப்பு.

வன்னிப் பிள்ளைகளுக்கு வாசல் சற்று அகன்றிருக்கிறது. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மூன்றும் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கான பல்கலைக்கழக அனுமதி ஒதுக்கீட்டில் அடங்குகின்றன. 1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997 இல் வவுனியா வளாகமாகி, 2021 ஓகஸ்ட் 1 இல் வவுனியாப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனத்திலும் உயிரியல் விஞ்ஞானம் கற்பிக்கப்படுகிறது. பம்பைமடுவுக்கு எமது ஊரிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 2011 இலிருந்து ஆறு ஆண்டுகள் பணியாற்றியவர் உயிர்இரசாயனவியல் ஆய்வாளரான பேராசிரியர் வசந்தி அரசரட்ணம். அப்பதவிக்கு வந்த முதற் பெண் அவர்.

ஆயினும் ஒதுக்கீடு முதற் பட்டத்தின் வாசலோடு நின்றுவிடும். கலாநிதிப் பட்டத்துக்கு மாவட்ட வெட்டுப்புள்ளி கிடையாது. அங்கே பிள்ளையைத் தடுப்பவை வேறு: பட்டம் முடிந்ததும் உழைக்க வேண்டிய குடும்பநிலை, 'இன்னும் எத்தனை வருசம் படிக்கப் போறாய் பிள்ளை?' என்ற உறவினர் கேள்வி, அப்படியொரு வழி இருப்பதை எடுத்துச் சொல்ல ஆளில்லாமை. வைத்தியராக வேண்டும் என்று சொல்லத் தெரிந்த எமது பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஆய்வாளராக வேண்டும் என்று சொல்லத் தெரியும்?

இங்கேதான் உலகெங்கும் வாழும் பழைய மாணவிகளின் உதவி வேண்டியிருக்கிறது. உங்களில் கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள், எந்தத் துறையாயினும், அதை எப்படிப் பெற்றீர்கள், பணத்துக்கு என்ன செய்தீர்கள், வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். உயர்தர உயிரியல் வகுப்பில் அவற்றை வாசிக்கக் கொடுக்கலாம். இயலுமானவர்கள் ஆய்வுகூடத்துக்கு நல்லதொரு நுணுக்குக்காட்டியும் வாங்கித் தாருங்கள். குடம்பிகளுக்குக் குறைவில்லை, பாடசாலைக்குப் பக்கத்திலேயே கிடைக்கும்.